ஒன்பது பொருத்தம் பார்த்தவன்

புனேவுக்குக் குடிவந்து பதினாலு வருஷம் ஆச்சு. பொண்ணை பாட்டு கிளாஸ்ல சேர்க்கணும்னு தங்கமணி சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பொண்ணு போய்ச் சேர்ந்தது துப்பாக்கி சுடுற கிளாஸ்ல. கடலூர்ல பிறந்து அகமதாபாத்துல வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினதை எப்பவோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். "அவங்களும் நம்மள மாதிரி வெளியூர்ல வளர்ந்தவங்கதானேப்பா?" என்று கேட்டாள். இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல?

பயந்துடாதீங்க, இது 10 மீட்டர் காற்று ரைபிள். 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. பத்து மார்க் கிடைக்கிற புள்ளியின் அகலம் வெறும் 0.5 மில்லிமீட்டர். அறுபது குண்டு, 75 நிமிஷம். ஊரில் அம்மாவுக்கு இதை போனில் புரியவைக்க எனக்கு அதைவிட அதிக நேரம் ஆச்சு :-)

ஒரு வருஷம் கிளப் ரைபிளில் சுட்டாள். அப்புறம் சொந்த ரைபிள். புதுசு என்றால் லட்சங்களில் பேசுகிறார்கள். அதனால் பழைய ஜெர்மன் ரைபிள் ஒன்றை வாங்கி, பாக்கி சாமான்களைத் தனித்தனியாகச் சேர்ப்பது என்று முடிவு. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆச்சே, சும்மா இருப்பேனா? எக்ஸெல் ஷீட் திறந்தாச்சு.

ஜாதகப் பொருத்தம் தோற்றது போங்க. பின்பக்க சைட் 11 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் உட்காரணும். முன்பக்க சைட்டுக்குள் போடுகிற வளையம் 18, 22 என்று இரண்டு அளவில் வருகிறது. நான் முதலில் 22 வாங்கினேன், எங்களுடையது 18. தண்டம். குண்டிலும் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வேறுபடும். ரைபிளை ஆடாமல் பிடித்துக் கட்டி, ஒவ்வொரு டப்பாவிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான் அந்தக் குழாய்க்கு ஏற்ற குண்டு. விலை உயர்ந்த குண்டைவிட நடுத்தர விலைக் குண்டு ஒன்றுதான் எங்களுக்கு ஒத்துப்போனது. குழாய் முனையில் எடைக்கட்டி மாட்டினால் ஆட்டம் குறையும், ஆனால் சைட்டோடு சேர்த்து மொத்தம் 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. தோளில் படுகிற கட்டையை அவள் உயரத்துக்குத் தக்கபடி இறக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சு.

எல்லாம் பார்த்தேன். ஒன்றைத் தவிர.

மாநிலப் போட்டி அன்று காலை சாமான் பரிசோதனை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காற்று சிலிண்டரைக் கழற்றித் திருப்பினார். அடியில் தேதி பொறித்திருந்தது. எங்கள் சிலிண்டருக்குப் பத்து வருஷம்தான் ஆயுள். முடிந்து ஐந்து மாசம் ஆகியிருந்தது. தேதியைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று விதியே இருக்கிறது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

கார் டயரில் 2 பார் சொச்சம் காற்று இருக்கும். இந்தக் குட்டி உருளையில் 200 பார். ஐந்து மாசமாக என் கையாலேயே அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவள் இடது கை தாங்குகிற இடத்திலிருந்து ஒரு ஜாண் தூரம்கூட இருக்காது. போட்டி போச்சே என்பதைவிட அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பையனின் அப்பா தன் சிலிண்டரை நீட்டினார். வேற கம்பெனி, மரை சேரவில்லை. பொண்ணு ஒண்ணும் பேசவில்லை, ஷூ லேஸையே பார்த்துக்கிட்டு நின்றாள். அப்போது அவளோடு அதே பிரிவில் சுடப்போகிற பெண்ணின் அம்மா, ஒரு மராட்டிக்காரம்மா, "எங்களுதும் அதே கம்பெனிதான், ஸ்பேர் இருக்கு" என்று இந்தியில் சொல்லி, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதலில் தேதியைத் திருப்பிக் காட்டினார், அப்புறம்தான் கையில் கொடுத்தார். மரை வழுக்கிக்கொண்டு சேர்ந்தது.

பொண்ணு வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சுட்டாள். அந்த அம்மாவின் பெண் இவளைவிட மேலே வந்தாள். திரும்பி வரும்போது காரில், "ஸாரிடா, அப்பா கவனிக்கலை" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே சிலிண்டரை நானே பாத்துக்கறேம்ப்பா" என்றாள். கோபமா, பொறுப்பா என்று இன்னும் தெரியவில்லை.

ராத்திரி போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன்பது பொருத்தம் பாத்துட்டு ரஜ்ஜுவை விட்டுட்டியேடா, அதுதானே ஆயுசு" என்றாள். ரைபிளே தெரியாத அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது.

பழைய ரைபிள் வாங்குகிற அப்பா அம்மாக்களே, எக்ஸெல் ஷீட் எல்லாம் அப்புறம். முதலில் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்க.