மாட்டத் தெரிந்த தம்பி

பெங்களூரு ஹைவேயில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது பார்த்திருப்பீர்கள். புத்தம்புதுக் கார்களை மாடி கட்டி ஏற்றிக்கொண்டு நிற்கும் டிரெய்லர்கள். எல்லா காரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருக்கும். அந்தச் சிரிப்பு முழுக்க பம்பர்தான்!

அம்பாஸடர் காலத்தில் பம்பர் என்றால் குரோம் பூசிய இரும்புப் பட்டை. 1972-ல் வந்த 'ரெனோ 5' கார்தான் பிளாஸ்டிக் பம்பரை ஜனங்களின் வண்டிக்குக் கொண்டுவந்தது. (அதே ரெனோவின் கார்கள் இன்று நம்ம ஒரகடத்தில் தயாராகின்றன. ஆலை திறந்தது 2010-ல்.) இப்போது முக்கால்வாசி பாலிபுரோப்பிலீன். நிஜமான இடியைத் தாங்குவது உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சட்டம். வெளியே தெரிவது வெறும் மூடி.

என் காரின் அந்த மூடியில், டூவீலர் ஒன்று உரசிவிட்டுப் போனதில் சாம்பார்க் கிண்ணம் அளவுக்குக் குழி. ஒர்க் ஷாப்பில் காட்டினால், 'புது பம்பர், பெயிண்ட்' என்று எஸ்டிமேட் நீள்கிறது. பி.காம். படித்தவனுக்கு எஸ்டிமேட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

பக்கத்து போர்ஷனில் ஒரு தம்பி. செய்யாறு பக்கம் சொந்த ஊர், ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. என்ன வேலை என்றேன். "பம்பர் மாட்டுறது சார்!"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். தலையைச் சொறிந்தார்.

"மாட்டித்தான் சார் பழக்கம். ஒண்ணைக்கூடக் கழட்டினதில்ல."

ஆயிரக்கணக்கில் மாட்டியவர்! ஒரு வண்டிக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடையாதாம். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் இன்னொருவர். லைன் நிற்கக் கூடாது.

மாட்டுகிற வரிசையை அவர் மனசுக்குள் கடைசியிலிருந்து ஓட்ட, வேலை ஆரம்பித்தது. முதலில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஏர்பேக் இருக்கிற வண்டியில் அவசரம் ஆகாது. பானெட்டைத் திறந்தால் மேலே பத்தாம் நம்பர் போல்ட்டுகள், பிளாஸ்டிக் கிளிப்புகள். கிளிப்பை மொத்தமாக நெம்பினால் உடையும்; நடுவில் இருக்கும் பொத்தானை முதலில் கிளப்ப வேண்டும். பிறகு சக்கர வளைவுக்குள் ஸ்க்ரூ, அடியில் சில. எல்லாவற்றையும் தோசைத் தட்டில், எடுத்த இடம் மாறாமல் அடுக்கினோம். ஃபெண்டர் ஓரத்தில் பெயிண்ட் கீறாமலிருக்க டேப். ரெண்டு மூலையையும் வெளிப்பக்கமாக இழுத்தால் 'படக் படக்'. அந்தச் சத்தத்துக்கு நான் பயந்தேன்; அவர் முகம் மலர்ந்தது. "இதே சத்தம்தான் சார், மாட்டுறப்பவும்!" முன்னால் இழுப்பதற்குள் ஃபாக் லேம்ப் ஒயரைப் பிரித்துவிட வேண்டும். மறந்தால் ஒயர் அறுந்துவிடும்.

உள்ளே ஒரு போல்ட் தலையில் மஞ்சள் பெயிண்ட் கோடு. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா முறுக்கியாச்சுன்னு அடையாளம் சார். நம்மள மாதிரி யாரோ ஒருத்தன் போட்டது."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், "அடுத்த மாசம் எனக்கு முடியுது சார்." காண்ட்ராக்ட். வேறு இடம் தேட வேண்டும். கையில் கிடைக்கப்போகும் சர்டிஃபிகேட்டில் காண்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும், கார் கம்பெனி பெயர் இருக்காது. பம்பர் மாட்டியவர் என்றும் இருக்காது. இந்தத் தடத்தில் காலையில் ஷிப்ட் பஸ்களை நிறைக்கிற எத்தனையோ பிள்ளைகளின் கதை இது. அவர்கள் மாட்டிய கார்களில் நாம் போகிறோம்.

குழியின் மேல் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, உள்ளிருந்து துணி சுற்றிய கையால் அழுத்தினார். நன்றாகவே எழும்பிவிட்டது. பெயிண்ட்டில் ஒரு சுருக்கம் மட்டும் மிச்சம். இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்ப மாட்டும்போதுதான் ஆளே மாறினார். தட்டைப் பார்க்கவே இல்லை. கை தானாகப் போகிறது. மறுமுனையைத் தாங்கிப் பிடித்திருந்தது நான். ஆறு நிமிஷம் ஆனது.

"லைன் நின்னிருக்கும் சார்" என்று சிரித்தார். "அந்தப் பக்கம் ஆள் புதுசு."