தொப்பம்பட்டித் துப்பாக்கிக் கட்டை

பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கிறது தொப்பம்பட்டி. தெற்கே பார்த்தால் பழனி மலை நீலத் திரைபோலத் தெரியும். மற்றப் பக்கமெல்லாம் தென்னையும் முருங்கையும் சோளக்காடுந்தான். துப்பாக்கியைப் பற்றிப் பாடம் கேட்க ஏற்ற ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்கு அந்தப் பாடம் அங்கேதான் கிடைத்தது!

நண்பர் வீட்டுக்குப் போனபோது, அவர் மகன் திண்ணையில் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவுமாக உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பழைய துப்பாக்கி. அடிவாரத் தோட்டத்தில் காட்டுப் பன்றியை விரட்டப் பாட்டனார் வாங்கியது. இப்போது நண்பர் பேரில் லைசென்ஸ் இருக்கிறது.

"கட்டை கறுத்துக் கிடக்குதுங்க. தேய்ச்சு வார்னிஷ் அடிச்சா புதுசாட்டம் ஆயிடும்" என்றான் பையன்.

"பொறு கண்ணு!" என்று ஒரு குரல். எதிர்வீட்டுப் பெரியவர். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று முதலில் திறந்து பார்த்துக்கொண்டார்.

"ஸ்னைடர்! 1866-லே பிரிட்டிஷ் சேனைக்கு வந்த ரகம். அப்புறம் குழாயின் உட்புறத்தை வழுவழுப்பாக்கி வேட்டைக்கு வித்திருக்காங்க. கட்டை என்ன மரம், சொல்லு?"

"தேக்குங்களா மாமா?"

பெரியவர் சிரித்தார். பின்கட்டையின் இரும்புத் தகட்டைத் திருகாணி கழற்றி எடுத்தார். அழுக்கும் சாயமும் அதிகம் படாத இடம் அது. "வெளி நிறத்தை நம்பாதே. இங்கே பார். பழுப்பு மரம், கறுப்பு ரேகை அலை அலையா ஓடுது, ஊசியாலே கீறினாப்போல நுண்துளைகள். இது அக்ரூட். வலுவு உண்டு, கனம் மிதம், சுலபமா முறுக்கிக்காது."

கட்டை முறுக்கினால் என்ன என்று நான் கேட்டேன். "குழாயை ஒரு பக்கம் நெருக்குமுங்க. குறி தப்பும். சிப்பாய் உயிர் அதிலே இருக்குது!" என்றார்.

இரண்டாம் உலகப் போரில் அக்ரூட்டுக்குப் பஞ்சம் வந்தபோது, இங்கிலாந்தில் பீச், பிர்ச் மரங்களையும் எடுத்துக்கொண்டார்களாம். பீச் வெளுப்பு, கேழ்வரகு தூவினாற்போலச் சிறு புள்ளிகள் தெரியும். பிர்ச், நம் முன்னோர் ஏடெழுதப் பட்டை உரித்த பூர்ஜ மரத்தின் இனம். ரேகையே தெரியாத வெளுப்பு. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை தன் நாட்டு மரங்களையே கடைந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்து இஷாப்பூரிலோ, கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி வைத்தார்கள். அதைக் கண்டதுமே நம் நாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாமாம். அந்த .303 ரகத்துக்கு உத்தரப் பிரதேசப் போலீஸ் விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்!

"மேற்பூச்சையும் கண்டுபிடிக்கலாமுங்களா?" என்றான் பையன், உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு.

"மறைவான இடத்திலே பஞ்சாலே ஒரு துளி ஸ்பிரிட்டு தொட்டு வை. பிசுபிசுன்னு இளகினா அரக்குப் பூச்சு. பழைய ரஷ்யத் துப்பாக்கியிலே நிறையப் பார்க்கலாம். இளகாம, மேலே தோலும் இல்லாம, மரத்துக்குள்ளேயே ஊறியிருந்தா ஆளிவிதை எண்ணெய். பிரிட்டிஷ் வழக்கம் அதுதான்."

வலப்பக்கத்தை வெயிலில் சாய்த்துக் காட்டினார். மங்கலாக ஒரு வட்ட முத்திரை, நடுவே கிரீடம். கைபிடிக்கும் இடத்தில் மரம் லேசாகத் தேய்ந்து பளபளத்தது.

"முத்திரை பட்டாளத்தது. இந்தத் தேய்மானத்திலே பாதி உன் பாட்டனுது. நீ உப்புத்தாள் போட்டா ரெண்டும் போயிடும். அப்புறம் எந்த வார்னிஷ் கொண்டுவரும்?"

பையன் பதில் சொல்லவில்லை. வார்னிஷ் டப்பாவை மூடிவிட்டு உள்ளே போனான். மெல்லிய துணியோடும் சிறு கிண்ணத்தில் ஆளிவிதை எண்ணெயோடும் திரும்பி வந்தான்.

நான் பஸ் ஏறும்போதும் அவன் துடைத்துக்கொண்டுதான் இருந்தான். அந்த முத்திரையைச் சுற்றி மட்டும் மிக மெதுவாக.