மூன்று அக்ரூட் பருப்பும் மூன்று இஞ்சித் துண்டும்

தொடங்கு முன்பே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, பின்னர் சிறுவர் சிறுமியருக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் அமர்ந்தவன். மருந்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்பதை நான் எப்படிக் கற்றுக் கொண்டேன் என்பதே இக்கட்டுரை.

எங்கள் பூர்வீகம் பரங்கிப்பேட்டை. 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானபின் பிழைப்புத் தேடி நெய்வேலிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாப்பா மர்ஹூமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உம்மா என்னோடு இருக்கிறார்கள், வயது 71. அவர்களுக்கு நெடுநாளாக மூச்சிரைப்பு உண்டு. மரங்கள் அடர்ந்த இந்நகரியத்தில் மார்கழிப் பனி எப்படி இறங்கும் என்பது இங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பஜ்ருக்குச் செல்லும்போது எதிரே வருபவரின் முகம் தெரியாது. அம்மாதங்களில் உம்மாவின் நெஞ்சில் எழும் ஒலி அடுத்த அறைக்குக் கேட்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரைக் காலையும் இரவும் இழுத்து வந்ததால் சில ஆண்டுகள் ஓரளவு நிம்மதியாகக் கழிந்தன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், பினாங்கில் கடை வைத்திருக்கும் எங்கள் மச்சான் ஊருக்கு வந்தார். பெட்டியைத் திறந்து, சீன மருந்துக் கடையில் வாங்கிய அக்ரூட் பருப்புப் பொட்டலம் ஒன்றை உம்மாவின் கையில் வைத்தார். “மாமி, அங்கே சீனர்கள் இளைப்புக்கு இதைத்தான் சாப்பிடுகிறார்கள். படுக்கும்போது மூன்று பருப்பு, மூன்று துண்டு இஞ்சி. நன்றாக மென்று விழுங்குங்கள்” என்றார். அவ்வளவே. வேறு எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர்மீது குற்றமில்லை.

குற்றம் என்னுடைய ஆர்வத்தில் இருந்தது. புதிதாக ஒன்றைக் கேட்டால் அதன் வேரைத் தேடிப் போவது என் பழைய பழக்கம். தேடினேன், தேடத் தேட இனித்தது.

மிங் அரச மரபுக் காலத்தில் வாழ்ந்த லீ ஷிஷென் என்ற சீன மருத்துவர் 1578இல் எழுதி முடித்த ‘பென்சாவ் காங்மு’ என்னும் பெருநூலில் இந்த மூன்றும் மூன்றும் அப்படியே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஹோங் மாய் என்ற அறிஞர் சளி நோயால் துன்புற்றபோது, பேரரசர் ஆளனுப்பி இதே பக்குவத்தைச் சொல்லியதாகவும், அவர் குணமடைந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. மூச்சிரைத்த குழந்தைக்கு ஜின்செங் வேரும் அக்ரூட்டும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம் கொடுத்த கதையும் உண்டு. பருப்பின் மெல்லிய தோலோடு கொடுத்தால் இளைப்பு அடங்கிற்றாம். தோலை நீக்கினால் மீண்டதாம். இதற்குச் சீனர் கூறும் காரணம் வியப்பானது. உள்ளிழுக்கும் மூச்சை நுரையீரல் மட்டும் தாங்குவதில்லை, சிறுநீரகமே அதைக் கீழே பற்றி நிறுத்துகிறது என்பது அவர்களது கொள்கை. அக்ரூட் சிறுநீரகத்தை வெதுவெதுப்பாக்கிப் பலப்படுத்தும். ஆகவே மூச்சு நிலைக்கும். நம் யூனானி ஹக்கீம்களும் அக்ரூட்டை உஷ்ணப் பொருள் என்பர். குளிர்ந்த தன்மையுடைய ‘பல்கம்’ என்னும் கபத்துக்கு அது எதிரானது என்பது அவர்கள் கணக்கு.

பெயரிலும் ஒரு வேடிக்கை. சீனர் இதனை ‘ஹூ தாவ்’ என்பர். ‘அந்நியர் நாட்டுப் பீச் பழம்’ என்று பொருள். ஆங்கிலேயரின் ‘வால்நட்’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் ‘அந்நியர் கொட்டை’ என்பதே. அரபியர் இதற்கு ‘ஜவ்ஸ்’ என்று பெயரிட்டு, நம் தேங்காயைக் கண்டதும் ‘ஜவ்ஸுல் ஹிந்த்’, அதாவது இந்தியாவின் கொட்டை என்றனர். நம் நாட்டில் காஷ்மீரத்தில் விளைவது. அங்கே உயர்ந்த மரங்களில் ஏறிக் காய் உதிர்க்கையில் விழுந்து உயிரிழப்போர் உண்டு என்பதை, அதை உண்ணும் நாம் நினைப்பதேயில்லை.

இத்தனையையும் வாரந்தோறும் நடக்கும் பெண்கள் பயானில் சொல்லி விட்டேன். அன்று பேச வேண்டிய பொருள் வேறு. உம்மாவும் அவையில் அமர்ந்திருந்தார்கள். “இப்போது எங்கள் உம்மா நன்றாகத் தூங்குகிறார்கள்” என்று அவர்களைச் சுட்டிக்காட்டவும் செய்தேன்.

உண்மையில் அந்த இரண்டு வாரமும் அவர்கள் நன்றாகத்தான் தூங்கினார்கள். ஆனால், ‘மகன் கிதாபில் பார்த்துச் சபையிலேயே சொல்லி விட்டான், இனி இந்தக் குழல் எதற்கு?’ என்று அவர்கள் முடிவு செய்தது எனக்குத் தெரியாது.

மார்கழியில் ஒரு நாள் பஜ்ர் பாங்குக்குச் சற்று முன், என் மனைவி கதவைத் தட்டினாள். உம்மா கட்டிலில் நிமிர்ந்து, இரு கைகளையும் முட்டிமேல் ஊன்றி அமர்ந்திருந்தார்கள். பேச முயன்றார்கள்; ஒரு சொல் வந்தது, அடுத்தது வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்த்துக் கொண்டு போன அந்தத் தூரத்தை நான் இன்னும் கடக்கவில்லை என்றே சில இரவுகளில் தோன்றுகிறது.

ஆக்ஸிஜனும் நெபுலைசரும் ஊசியும் ஏறி, சூரியன் உச்சிக்கு வந்தபின் அவர்களால் பேச முடிந்தது. இன்ஹேலரை நிறுத்தி எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டார். உம்மா விரல் மடித்து எண்ணினார்கள். 19 நாள்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். அந்த இன்ஹேலர் மூச்சுக் குழாயின் உட்புற வீக்கத்தை நாளடைவில் தணிக்கும் மருந்து. நிறுத்திய மறுநாளே அதன் பலன் போய்விடாது; சிறிது சிறிதாகவே கரையும். அதனால் நிறுத்தியவர் தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பி விடுவார். முதல் இரு வாரத் தூக்கமும், நிறுத்தியபின் சில நாள் இருந்த சுகமும் அந்த மருந்தினுடையவை. பெயரை மட்டும் அக்ரூட் வாங்கிக் கொண்டது. “உங்களுக்கு இதை யார் சொன்னார்?” என்று கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன்.

அடுத்த வார பயானில் நடந்ததை மறைக்காமல் கூறினேன். அக்ரூட் நல்ல உணவு. 100 கிராமில் 65 கிராம் அளவுக்குக் கொழுப்பு, பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த வகை. தினமும் 42 கிராம் உண்பது இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம், ஆனால் சான்று முடிவானதன்று என்ற வாசகத்தை அமெரிக்க அரசு 2004இல் அனுமதித்தது. மூளை வடிவில் இருப்பதால் மூளைக்கு நல்லது என்று பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறோமே, அதற்கும் அத்தனை உறுதி இல்லை. பார்சிலோனாவிலும் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவிலும் முதியவர்களுக்கு இரண்டாண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. ஆரோக்கியமான முதியோரின் சிந்தனைத் திறனில் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. சிலருக்கு இக்கொட்டை கடும் ஒவ்வாமையை உண்டாக்கி மூச்சையே அடைக்கும் என்பதையும் அன்று சேர்த்துச் சொன்னேன். திருக்குர்ஆனில் அத்தியும் ஒலிவமும் பேரீச்சையும் மாதுளையும் வருகின்றன; அக்ரூட் வரவில்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஏனெனில் நான் சொன்னதாலேயே அதை மார்க்கத்தின் மருந்து என்று எண்ணியவர்கள் அங்கே இருந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார்: “ஹஜ்ரத், நீங்கள் சொன்னீர்கள் என்று அரைக் கிலோ வாங்கி விட்டேன். என்ன செய்வது?” அவையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிக்க இயலவில்லை. “சாப்பிடுங்கள் அம்மா. மருந்தை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சிக்கு வாடை அடிக்கும், குளிர்பெட்டியில் வையுங்கள்” என்றேன்.

உம்மா இப்போதும் இரவில் மூன்று பருப்பும் மூன்று துண்டு இஞ்சியும் கேட்கிறார்கள். முதலில் இன்ஹேலர், பின் வாய் கொப்பளிப்பு, அதன் பிறகே தட்டு. நான் அருகில் நின்று பார்த்த பின்தான் விளக்கை அணைக்கிறேன். “என்னை நம்ப மாட்டாயா தம்பி?” என்கிறார்கள்.

“உங்களை நம்புகிறேன் உம்மா. என் பேச்சைத்தான் நம்பவில்லை” என்கிறேன்.