மலைக்கோட்டை வழி – 3: தொரப்பள்ளியிலிருந்து மல்லச்சந்திரம் வரை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி அக்ரகாரம் பெரும்பாலோருக்கு ராஜாஜியின் ஊர் என்றுதான் தெரியும். 1878 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம். கெலவரப்பள்ளி அணையிலிருந்து வரும் தென்பெண்ணை ஊரை ஒட்டிப் போகிறது. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீர் சேரும் நாட்களில் ஆற்றில் நுரை மிதக்கும். ஒரு பக்கம் சிப்காட் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள். நடைப்பயணம் தொடங்குகிற இடமாக யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் மூன்று நான்கு நாள் ஒதுக்கினால், திப்பு காலத்துக் கோட்டை, போசளர் தலைநகர், இரும்புக்காலக் கல்லறைகள் என மூன்று காலத்துச் சிதைவுகளையும் இங்கிருந்து பார்த்துவிடலாம்.

ஓர் ஒப்பீட்டுக்கு, பெரு நாட்டில் இன்கா மக்களின் சோக்கேகிராவ் நகரத்துக்குப் போகிறவர்கள் அப்புரிமாக் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுகரையில் மறுபடி அவ்வளவும் ஏறுகிறார்கள். மூட்டையைக் கோவேறு கழுதை சுமக்கிறது, வழியைக் கழுதைக்காரர் காட்டுகிறார். போய்வர நான்கு நாள் ஆகும். ஓசூர்ப் பக்கத்தில் அந்த ஏற்றம் கிடையாது. ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே கிருஷ்ணகிரிச் சமவெளி அதைவிட 400 மீட்டர் தாழ்வு. ஆந்திர, கர்நாடக எல்லைகளை ஒட்டிய இந்தச் சரிவில்தான் கோட்டைகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் கணவாய் யார் கையிலோ, அவர் சொன்னதுதான் இங்கே சட்டம்.

இங்கே பயணத்தைக் கடினமாக்குவது யானை. அக்டோபர் பிறந்து ராகி பால் பிடிக்கும்போது பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சானமாவுக் காப்புக்காட்டுக்கு வரும். அறுவடை முடிந்தும் சில வாரங்கள் இங்கேயே திரியும். ஓசூர்–ராயக்கோட்டைச் சாலை அந்தக் காட்டை ஊடறுத்துப் போகிறது. வெயில் தணிந்து நடக்கத் தோதான மாதங்களும் இவையே என்பதுதான் சங்கடம். எனவே தொரப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை வரை பேருந்தில் போவதே புத்திசாலித்தனம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேற வந்தவர்கள் இறந்த பிறகு, தமிழகத்தில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் துணைக்கு வருவது நல்லது. எந்தச் சாணம் நேற்றையது, எது இன்று காலையில் விழுந்தது என்பதை அவர் காலால் புரட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தக்காளி மண்டிக்குப் பெயர்போன ராயக்கோட்டையில், ஊருக்கு மேலேயே நிற்கிறது பாறைக்குன்று. பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தின் கோட்டைகளில் இது முக்கியமானது. திப்புவுக்கு எதிரான போரில், 1791 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடியின் படை கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. மேல்கோட்டைத் தலைவரான கில்லேதார் அதன்பின் சரணடைந்தார். அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலையைக் கம்பெனியின் இன்னொரு தளபதி மேக்ஸ்வெல் இதே முறையில் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பாறைகளின் பலம் விளங்கும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்துதான் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள்.

மேலே ஏறுகிறவர் மதிலைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைத் தேட வேண்டும். பாறைப் பள்ளங்களில் மழைநீர் தேங்கும் சுனைகள்தான் கோட்டையின் உயிர். எத்தனை பீரங்கி இருந்தாலும் சுனை வற்றினால் முற்றுகை முடிந்துவிடும். வழுக்குப்பாறையில் காலுக்கு மட்டும் பிடி கிடைக்கும் அளவுக்குப் படி கொத்தியிருக்கிறார்கள். உடைத்த கற்களின் விளிம்பில் ஆப்பு இறக்கிய குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது அகப்பட்டால் அவர் பின்னாலேயே ஏறலாம். அவர் போகும் தடம்தான் பழைய தடம். என்னைக் கேட்டால், உச்சியில் தெரியும் காட்சிக்காக இங்கே ஏற வேண்டியதில்லை, சுனைகளுக்காகவே ஏறலாம்.

தூரத்தைப் பார்த்தால் ராயக்கோட்டைக்கு அடுத்து வருவது சூளகிரி வட்டாரத்து மல்லச்சந்திரம். காலத்தில் பின்னோக்கிப் போனால் அது கடைசி. பேருந்தில் ஒரு சுற்று கூடினாலும் வேப்பனப்பள்ளிப் பக்கத்துச் சின்னக்கொத்தூரை முதலில் முடித்துக்கொள்வது மேல். போசளர்களின் தலைநகரான குந்தாணி அங்கேதான். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் போசள மன்னன் சோமேசுவரன் தன் நாட்டை இரு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். தமிழ்ப் பகுதி வீரராமநாதனுக்குக் கிடைத்தது. அவன் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரிலிருந்து ஆண்டான். பாண்டியர் கை ஓங்கவே அங்கிருந்து வடக்கே ஒதுங்கிக் குந்தாணியில் அமர்ந்தான். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் வட்டாரத்துக்குப் பொருத்தமான அரசன். அரண்மனை என்று காட்ட இன்று ஒன்றும் இல்லை. கோயிலும் நடுகற்களும் குன்றின்மேல் சிதைந்த கோட்டையும்தான் மிச்சம். அரை நாள் போதும்.

மல்லச்சந்திரத்துக்கு முழுநாள் வேண்டும். ஊரார் பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்றெல்லாம் சொல்லும் கற்திட்டைகள், அதாவது இரும்புக்காலக் கல்லறைகள், மொட்டைப் பாறைமேட்டில் நெருக்கமாக நிற்கின்றன. இந்தக் கருங்கல்லில் வெயிலும் குளிரும் மாறிமாறிப் பட்டுப் பட்டு மேற்பரப்பு ஏடு ஏடாகப் பிரியும். அப்படிப் பிரிந்த ஏட்டைப் பெயர்த்து, நான்கு பலகைகளை ஒன்றையொன்று தாங்கும்படி நிறுத்தி, மேலே பெரிய மூடுகல்லை ஏற்றியிருக்கிறார்கள். பூச்சுச் சாந்து இல்லை. இன்கா சுவர்களில் சாந்து இல்லாததைப் பார்த்து உலகமே வியக்கிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய இந்தக் கல்வீடுகளுக்கு ஒரு தகவல் பலகை இருந்தாலே பெரிது.

ஒரு பக்கப் பலகையில் வட்டமாகத் துளை இருக்கும். குனிந்து தலையை நுழைத்துக் கண் இருட்டுக்குப் பழகினால், சில திட்டைகளின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் மனித உருவங்களும், விலங்கின்மேல் ஏறியவர்களும் தெரிவார்கள். உள்ளே தொடக் கூடாது, தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கவும் கூடாது. வெண்ணிறம் கையோடு வந்துவிடும்.

இந்த மாவட்டத்தின் பழமைக்கு 2022இல் ஒரு புதுக் கணக்கு கிடைத்தது. பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் தமிழகத் தொல்லியல் துறை எடுத்த மாதிரிகளைச் சோதித்ததில், அங்கே இரும்புப் புழக்கம் கி.மு. 2172 வரை போவதாகத் தெரிந்தது. மல்லச்சந்திரத்தை முடித்தவர் மறுநாள் அங்கே போகலாம். கல்வெட்டாங்குழி லாரிகள் ஓடும் அந்த வழியும், கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையும் அடுத்த பகுதியில்.