கடிச்சிடுவாரா டாக்டரு?

ரத்தக்காட்டேரி படங்கள்ல ஒரு காட்சி தவறாம வரும், பார்த்திருப்பீங்க. கடிபட்டவன் வீட்டுக்கு வந்து படுத்திருப்பான். முதல்ல காய்ச்சல். அப்புறம் தூக்கம் போகும், வெளிச்சம் ஆகாது. பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சிட்டு இருப்பா. திடீர்னு அவன் கண்ணு மாறும். "அது உன் புருஷன் இல்ல, கிட்ட போகாத"ன்னு யாராவது கத்துவாங்க.

படத்துல அது வசனம். அதே வசனத்தை நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல கேட்டிருக்கேன். அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1998ல ஹுவான் கோமெஸ்-அலோன்சோன்னு ஸ்பெயின் நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒருத்தர் 'நியூராலஜி' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பாவுல இருந்த ரத்தக்காட்டேரிக் கதைகளுக்கு மூலமே ரேபிஸா இருக்கலாம்ங்கிறது அவர் வாதம். 1720கள்ல ஹங்கேரி பக்கம் நாய், ஓநாய்கள் நடுவுல வெறிநோய் பரவின காலமும், அந்தப் பக்கம் காட்டேரி பயம் கிளம்பின காலமும் ஒண்ணா வருது. கடிச்சா பரவும். ராத்திரி தூங்காம அலைவாங்க. வெளிச்சமும் நெடி அடிக்கிற வாசனையும் தாங்காது. பூண்டு கதை அங்கேர்ந்து வந்திருக்கலாம். கண்ணாடியில தன் முகத்தைப் பார்த்துட்டு நிக்க முடிஞ்சா அவனுக்கு வெறிநோய் இல்லைன்னு பழைய நம்பிக்கை ஒண்ணும் உண்டு. இந்த வாதத்தை எல்லாரும் ஏத்துக்கணும்னு இல்ல. ஆனா ரேபிஸ் நோயாளியை ஒருதடவை நேர்ல பார்த்தவங்களுக்கு, அந்தக் கதை எங்கேர்ந்து முளைச்சிருக்கும்னு சட்டுனு புரிஞ்சிடும்.

(நம்ம பக்கம் காட்டேரின்னா கதையே வேற. சில வீடுகள்ல குலதெய்வம், படையல் போட்டுக் கும்பிடுறாங்க. அந்த அம்மாவை இந்தக் கணக்குல நான் சேர்க்கல, கோச்சிக்காதீங்க.)

கலசப்பாக்கத்துலேர்ந்து மேற்கே பார்த்தா ஜவ்வாது மலை. அங்கேர்ந்து வேலைக்கும் வைத்தியத்துக்கும் கீழ இறங்கி வர்றவங்க நிறைய. ஆடு, மாடு, கொல்லைக் காவல்னு நாய் இல்லாத வீடு குறைவு. அப்படி ஒரு வீட்டு மனுஷன் இவர். நாப்பது வயசு இருக்கும். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தித்தான் சொல்றேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வழியில கெடந்த ஒரு குட்டி நாயை எடுத்துட்டு வந்து வளர்த்திருக்கார். விளையாடும்போது கையில லேசா பல்லு பட்டுச்சு. சுண்ணாம்பு தடவினார். அடுத்த தடவை கீழ வந்தப்ப ஒரு இடத்துல டிடி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. டிடி தனுர்வாதத்துக்கு, ரேபிஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவருக்கு எப்படித் தெரியும்? "ஊசி போட்டாச்சு"ன்னு நிம்மதியா மலை ஏறிட்டார். குட்டி நாலு நாள்ல செத்துப்போச்சு. குட்டிங்க சாகுறது சகஜம்தானேன்னு யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல.

எங்ககிட்ட வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி அந்தக் கையில மதமதப்பு, எறும்பு ஊர்ற மாதிரி. அப்புறம் காய்ச்சல். காத்து அடிச்சா மூஞ்சியை மூடிக்கிட்டு நடுங்கியிருக்கார். காத்து கருப்பு அண்டிடுச்சுன்னு மந்திரிச்சு கயிறு கட்டியிருந்தாங்க. ஓபியில உள்ள நுழைஞ்சதும் ஃபேனைப் பார்த்து ரெண்டு கையாலயும் முகத்தை மூடினார். நான் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். "தண்ணி குடிச்சீங்களா"ன்னு கேட்டேன். அந்த வார்த்தைக்கே தொண்டை இழுத்துது, மூச்சு விக்கி விக்கி வந்துது, கண்ணுல அப்படி ஒரு பயம்.

இதுக்கு ஹைட்ரோபோபியா, நீர்வெறுப்புன்னு பேர். எனக்கு இந்தப் பேரு மேல ரொம்ப நாளா கோபம். அந்த மனுஷனுக்குத் தண்ணி மேல வெறுப்பே கிடையாது. தாகத்துல துடிக்கிறார். விழுங்கப் போனா தொண்டையும் மூச்சுத் தசைகளும் சுருட்டிப் பிடிச்சுக்குது. ரெண்டு தடவை அப்படி ஆனதும் டம்ளரைப் பார்த்தாலே, தண்ணி ஊத்துற சத்தம் கேட்டாலே, உடம்பு முந்திக்கிட்டு இழுக்குது. எச்சிலை விழுங்க முடியாம வெளிய வழியுது. தொண்டை கட்டி குரல் கரகரன்னு வர்றதை "நாய் மாதிரி குரைக்கிறான்"னு ஊர் சொல்லுது. ஒண்ணொண்ணுக்கும் காரணம் இருக்கு, அவர் நாயா மாறல.

வைரஸ் கடிவாயிலேர்ந்து நரம்பைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் ஏறுது. பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து மூணு மாசம் ஆகும். முகத்துல, தலையில கடிச்சா சீக்கிரம். மூளைக்குப் போனப்புறமும், இறந்தவங்க மூளையைப் பரிசோதிச்சா, நோயோட உக்கிரத்துக்கு ஏத்த அழிவு அதுல தெரியறதில்ல. வீடு இடிஞ்சு விழல, உள்ள வயரிங் தாறுமாறா போயிருக்குன்னு வச்சுக்கோங்க. அதனாலதான் ஆவேசம் வந்து வந்து போகும். நடுநடுவுல பத்து நிமிஷம், அரை மணி நேரம், ஆள் தெளிவா இருப்பார். பேர் சொல்லிக் கூப்பிடுவார். தனக்கு என்ன நடக்குதுன்னும் பாதி புரிஞ்சிருக்கும். (எல்லாருக்கும் இந்த ஆவேசம் வராது. அஞ்சுல ஒருத்தருக்குக் கை கால் செயலிழந்து போற வகை வரும். அதைக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம்.)

தனி ரூம்ல படுக்க வச்சு, ஜன்னலை மூடி, வெளிச்சத்தைக் குறைச்சோம். மிடசோலம் போட்டோம், தாகத்துக்கு சலைன் ஏத்தினோம். அறிகுறி வந்தப்புறம் குணமாக்க மருந்து கிடையாது. 2004ல அமெரிக்காவுல வௌவால் கடிச்ச 15 வயசுப் பொண்ணு ஒருத்தி, தடுப்பூசியே போடாம, கோமாவுல வச்ச சிகிச்சையில பிழைச்சா. அதே முறையை அப்புறம் பல இடத்துல செஞ்சு பார்த்தாங்க, பெரும்பாலும் பலிக்கல. ஆக நம்ம கையில இருக்கிறது அந்தக் கடைசி நாட்களோட வேதனையைக் குறைக்கிறது மட்டும்தான். அது சின்ன வேலை இல்ல.

வெளிய வந்தா சொந்தக்காரங்க பத்தடி தள்ளி நிக்கிறாங்க. அவர் "வெளிய யாரு, அவ இருக்காளா"ன்னு கேட்டுட்டே இருக்கார். சம்சாரம் கதவுகிட்ட போனப்ப பெரியவர் ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுத்தார். "அது இப்ப அவன் இல்லம்மா. கிட்ட போவாத."

அந்தம்மா என்கிட்ட திரும்பி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "கடிச்சிடுவாரா டாக்டரு?"

நியாயமான கேள்வி. நான் சொன்னதை உங்களுக்கும் அப்படியே சொல்றேன். மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்கு கடியாலயோ எச்சிலாலயோ ரேபிஸ் வந்ததா உறுதியான கேஸ் இதுவரைக்கும் இல்ல. உறுதியானது எல்லாம் இறந்தவங்க உறுப்பையோ கருவிழியையோ எடுத்து இன்னொருத்தருக்கு வச்சப்ப வந்தது. ஆனா எச்சில்ல வைரஸ் இருக்கு, அதனால ஜாக்கிரதை வேணும். கையுறை, மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. அவர் எச்சில் உங்க வாய்லயோ கண்ணுலயோ புண்ணுலயோ பட்டிருந்தா ஊசி போட்டுக்கணும். இவ்வளவுதான். கையைத் தொடலாம், பக்கத்துல உட்காரலாம். "அவரு உங்க வூட்டுக்காரர்தாம்மா. இப்ப தெளிவா இருக்கார், போங்க"ன்னேன்.

எங்க ஸ்டாஃப் நர்ஸ் மாஸ்க்கெல்லாம் மாட்டிவிட்டு அவங்களை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அந்தம்மா கால்மாட்டுல உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் முதல்ல கேட்டது மாட்டைப் பத்தி. யார் கறக்குறாங்கன்னு. அப்புறம், "சின்னவனை இட்டுனு வராத, பயந்துக்குவான்." கொஞ்ச நேரத்துல கதவு திறந்த காத்துக்கு உடம்பு இழுத்துது. எந்திரிச்சு கத்தினார், துப்பினார், பொண்டாட்டியைக் கேட்கக் கூசுற வார்த்தையில திட்டினார். நர்ஸ் அவங்களைப் பின்னால இழுத்தாங்க. மருந்து வேலை செஞ்சு அடங்கினதும் கண்ணைத் திறந்து தேடினார்.

"நா எதனா சொன்னனா?"

"இன்னாத்த சொன்ன? ஒண்ணும் சொல்லல. தூங்கு."

கத்தினவரும் அந்தக் கேள்வி கேட்டவரும் ஒரே ஆள்தான். சினிமாக்காரங்க ரெண்டாவது ஆளைக் காட்டவே மாட்டாங்க, கதை கெட்டுடும். ஆஸ்பத்திரியிலயும் நாம அவசரப்பட்டுக் கதவைச் சாத்திட்டா அவரைப் பார்க்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பினோம், அந்தம்மாவும் கூடவே ஏறினாங்க. மறுநாள் சாயங்காலம் இறந்துட்டார்னு தகவல் வந்துது.

இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னா, இது நூத்துக்கு நூறு தடுக்கக்கூடிய சாவு. பாஸ்டர் முதல் ஊசியை 9 வயசுப் பையனுக்குப் போட்டது 1885 ஜூலையில. நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907லேர்ந்து இருக்கு. இன்னிக்கும் ஐசிஎம்ஆர் ஆட்கள் 2024ல வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவுல வருஷத்துக்கு 5,700 பேருக்கு மேல ரேபிஸ்ல சாகுறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட பழைய மதிப்பீடு இதைவிட மூணு மடங்கு.

ஊருக்குள்ள இன்னும் "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" பயம் போகல. அது ஆட்டு மூளையில செஞ்ச பழைய மருந்து, நிறுத்தி 20 வருஷம் ஆச்சு. இப்ப கையில, தோலுக்குள்ள கொசு கடிச்ச மாதிரி சின்ன ஊசி. கடிபட்ட அன்னிக்கு, 3ம் நாள், 7ம் நாள், 28ம் நாள். அரசு ஆஸ்பத்திரியில இலவசம். அதுக்கு முன்னாடி வீட்டுலயே சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். கடிகாரம் பார்த்து 15 நிமிஷம், ரொம்ப நேரம் மாதிரி இருக்கும், இருக்கட்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேணாம். ரத்தம் வந்திருந்தாலோ புண்ணுல நாய் நக்கியிருந்தாலோ, கடிவாயைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலின் தனியா வேணும். அதை நீங்களே கேட்டு வாங்குங்க. "குட்டிதானே", "வீட்டு நாய்தானே", "நகம்தானே பட்டுச்சு" – இந்த மூணு பேச்சும் வேணாம். நாலு ஊசியில ரெண்டு போட்டுட்டு வேலை இருக்குன்னு நிறுத்துறதும் வேணாம்.

அந்த வீட்டுல அவர் எச்சில் பட்டிருக்க வாய்ப்புள்ளவங்க நாலு பேர். சம்சாரம், ரெண்டு பசங்க, அவரோட அம்மா. எல்லாருக்கும் ஊசி ஆரம்பிச்சோம். மலையிலேர்ந்து பஸ் பிடிச்சு நாலு தடவையும் வந்தாங்க, ஒரு தேதி தப்பல. 28ம் நாள் சின்னவன் அட்டையை நீட்டிட்டு, வீட்டுல இன்னொரு நாய் இருக்கு, அதுக்கும் இங்கயே போடுவீங்களான்னு கேட்டான். கால்நடை மருந்தகம் எந்தப் பக்கம்னு வழி சொல்லி அனுப்பினேன்.