அறுபது சிஸ்டம், ஒரு இமேஜ்

15-12-2025, திங்கள்

செமஸ்டர் விடுமுறை. மூன்றாம் லேபின் பழைய சிஸ்டங்கள் ஸ்டோருக்குப் போய்விட்டன. புதிய அறுபதும் மேசை ஏறிவிட்டன. பழையவை ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றை இதற்காக ஓரங்கட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் கேட்டு எடுத்த முடிவும் இல்லை.

"நாலு பென்டிரைவ் குடுங்க சார், மூணு நாள்ல எல்லாத்துலயும் ஓ.எஸ். போட்டுடறேன்" என்றான் லேப் அசிஸ்டன்ட் தம்பி. போட்டுவிடுவான். அடுத்த மாதம் யாராவது ஒரு சாஃப்ட்வேர் கூடுதலாக வேண்டும் என்றால் மறுபடி மூன்று நாள். ஃபாக் சர்வர் எதற்கு இருக்கிறது? ஒரு சிஸ்டத்தைத் தயார் செய்து, அதன் டிஸ்கை இமேஜாக எடுத்து, மற்றவற்றுக்கு நெட்வொர்க் வழியாகவே இறக்கிவிடலாம்.

முதல் சிஸ்டத்தை நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்தேன். ஐபி முகவரி வந்தது. பூட் ஃபைலின் பெயர் வந்தது, அளவு வந்தது, வெற்றிகரமாக இறங்கியது என்ற வரியும் வந்தது. அடுத்த நொடி பூட் மெனுவுக்கே திரும்பிவிட்டது. பிழை எண் ஏதாவது காட்டியிருந்தால் பிடித்துவிடலாம். இ51 என்றால் முகவரி தரும் டிஎச்சிபி பதிலே தரவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, ஃபைல் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் ஃபைலைக் கொடுக்கும் டிஎஃப்டிபி சர்வர் வாய் திறக்கவில்லை. வெற்றி என்று சொல்லிவிட்டுக் கையை விரிக்கிற சிஸ்டத்திடம் எதைக் கேட்பது?

16-12-2025, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. பிள்ளையார் கோவில் ஸ்பீக்கர் ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டதால் எட்டுக்குள் லேபில் இருந்தேன்.

இன்று ஃபைல் பெயரை நிதானமாகப் படித்தேன். கேபிஎக்ஸ்இ என்று முடிகிறது. அது பழைய பயாஸ் சிஸ்டங்களுக்கான ஃபைல். புதியவை யுஇஎஃப்ஐ, அவற்றுக்கு இஎஃப்ஐ என்று முடியும் ஃபைல் வேண்டும். கேட்டதைச் சர்வர் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறது, சிஸ்டமும் முழுதாக வாங்கியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் தனக்குப் புரியாத சரக்கு. சத்தமில்லாமல் போட்டுவிட்டது.

அந்தப் பெயரைச் சொல்வது மெயின் பிளாக்கிலிருக்கும் டிஎச்சிபி சர்வர். 66ஆம் ஆப்ஷனில் சர்வர் முகவரி, 67இல் ஃபைல் பெயர். கல்லூரி முழுக்க பயாஸ் சிஸ்டமாக இருந்த காலத்தில் எழுதி வைத்தது. நெட்வொர்க் பார்க்கும் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"67ஐ மாத்திட்டா ரெண்டாம் லேப் படுத்துக்குமே, தம்பி. அங்க இன்னும் பழசுதான்."

நியாயம்தான். ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கவே வேண்டியதில்லை. முகவரி கேட்கும்போதே ஒவ்வொரு சிஸ்டமும் தான் எந்த ரகம் என்பதையும் சொல்கிறது: 93ஆம் ஆப்ஷனில் 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. கேட்பவரைப் பார்த்துப் பதில் சொல்ல விண்டோஸ் டிஎச்சிபியில் பாலிசி எழுதலாம். 2012 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. அண்ணன் முணுமுணுத்தார், மதியத்துக்குள் எழுதியும் கொடுத்தார்.

அடுத்து செக்யூர் பூட் மறித்தது. நம் பூட் ஃபைலில் அது ஏற்கும் கையொப்பம் இல்லை. விண்டோஸ் 11க்கு செக்யூர் பூட் வசதி கொண்ட சிஸ்டமாக இருந்தால் போதும், இன்ஸ்டால் செய்யும்போது அது ஆனில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆகவே இப்போதைக்கு ஆஃப். தம்பி ஒவ்வொரு பயாஸிலும் நுழைந்து அணைத்தான். பென்டிரைவே தேவலை என்று நினைத்திருப்பான்; கேட்கவில்லை.

17-12-2025, புதன்

சரியான ஃபைல் இறங்கி, அதிலுள்ள ஐபிக்ஸி என்ற பூட் நிரல் எழுந்து, தன் பெயரையும் பதிப்பையும் காட்டுகிறது. பிறகு நெட்வொர்க் கார்டை அமைப்பதாகச் சொல்லிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய், எந்த வழியிலும் முகவரி கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. அரை நிமிடம் முன்பு அதே கார்டு, அதே கேபிள் வழியாக அதே டிஎச்சிபியிடம் முகவரி வாங்கித்தான் இந்த ஐபிக்ஸியே இறங்கியது. தம்பி டிஎச்சிபி சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னான். அண்ணனும் அதையே சொன்னார். எனக்கு வேறு சந்தேகம்.

ஸ்டோரிலிருந்து ஐந்து போர்ட் கொண்ட சாதாரண ஸ்விட்ச் ஒன்றை எடுத்துவந்து, சுவரிலுள்ள போர்ட்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் சொருகினேன். உடனே முகவரி வந்தது, ஃபாக் மெனுவும் வந்தது.

டிஎச்சிபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார்டை ஐபிக்ஸி தன் கைக்கு எடுக்கும்போது லிங்க் ஒரு கணம் அறுந்து மீண்டும் வருகிறது. ரேக்கிலுள்ள ஸ்விட்சுக்கு அது புதிதாக ஒருவர் வந்து சொருகியது மாதிரி. அங்கே ஸ்பானிங் ட்ரீ ஓடுகிறது. புதிய லிங்க் சுற்றுவழி எதையும் உண்டாக்குகிறதா என்று 15 விநாடி கவனிக்கும், இன்னொரு 15 விநாடி முகவரிகளைக் கற்கும், அதுவரை யாருடைய பாக்கெட்டையும் விடாது. நெட்வொர்க் பூட்டுக்கான பிக்ஸி விதிப்படி கார்டின் சொந்த பூட் நிரல் 4, 8, 16, 32 என்று விநாடிகளைக் கூட்டிக்கொண்டே போய்க் காத்திருக்கும். ஐபிக்ஸிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கதவு திறப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. நடுவில் சின்ன ஸ்விட்ச் இருந்தால் ரேக் பக்கத்து லிங்க் அறுவதே இல்லை.

திரையில் தெரிவது, காத்திருந்து ஏமாந்தவனின் புலம்பல். யார் ஏமாற்றினார் என்பது அவனுக்கே தெரியாது. அவன் பெயர் சொல்கிற ஆளைப் போய்ப் பிடித்தால் நாள் முழுக்க டிஎச்சிபியை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கலாம்.

"அப்ப ஸ்பானிங் ட்ரீயையே ஆஃப் பண்ணிடலாமா?" என்றார் அண்ணன். கூடவே கூடாது. 1985இல் ரேடியா பெர்ல்மன் அதை உருவாக்கியதே இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான். ஒரு பேட்ச் கார்டின் இரு முனையையும் சுவரில் சொருகிப் பார்க்கும் மாணவர் எல்லா பேட்சிலும் ஒருவர் உண்டு. சிஸ்டங்களுக்குப் போகும் போர்ட்டுகளில் மட்டும் காத்திருக்காமல் கதவைத் திறக்கும் போர்ட்ஃபாஸ்ட், காவலுக்கு பிபிடியு கார்டு. மாலைக்குள் ஆயிற்று.

18-12-2025, வியாழன்

மாஸ்டர் சிஸ்டம். டிஸ்க் கண்ணில் படவில்லை என்றது ஃபாக். டிஸ்கைத் தன் பின்னால் மறைத்துவைக்கும் இன்டெல் விஎம்டி பயாஸில் ஆனில் இருந்தது. அணைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகவே போட்டோம். பிறகு பிட்லாக்கர் தெரிகிறது என்று இமேஜ் எடுக்க மறுத்தது. யாரும் பிட்லாக்கரைத் தொடவில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்தால் அது தானாகவே டிஸ்கைப் பூட்டத் தொடங்கிவிடுகிறது. கட்டளை கொடுத்து அவிழ்த்தோம்.

இமேஜ் எடுக்கும் முன் சிஸ்டத்தின் தனி அடையாளங்களை அழிக்கும் சிஸ்பிரெப்தான் நேரத்தைத் தின்றது. ஒவ்வொரு முறையும் பாதியில் விழுந்தது. பான்தர் ஃபோல்டரின் லாக்கைப் படித்தால் காரணம் எழுதியிருக்கிறது: ஏதோ ஒரு மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப் ஒரு பயனருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது, எல்லோருக்குமாக இல்லை. மாஸ்டரில் இன்டர்நெட் இருந்தது. நாங்கள் கம்பைலர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்டோர் தன் ஆப்களைத் தானே புதுப்பித்துக்கொண்டது. ஒன்றை நீக்கினால் அடுத்தது. கடைசியில் கேபிளைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தயார் செய்தோம்.

"சிஸ்பிரெப் எதுக்குங்க சார்? சிஸ்டத்தோட அடையாள எண், அதான் எஸ்ஐடி, எல்லாத்துலயும் ஒண்ணா இருந்தா தப்பில்லைனு படிச்சேனே." தம்பி படித்தது உண்மைதான். மார்க் ருசினோவிச் 2009இல் அப்படித்தான் எழுதினார், அதை மாற்றவென்று இருந்த தன் நியூஎஸ்ஐடி கருவியையும் நிறுத்தினார். ஆனால் இந்த ஆகஸ்ட் 29 முதல் வரும் அப்டேட்களில் மைக்ரோசாஃப்ட் சோதனையை இறுக்கியிருக்கிறது. ஒரே எஸ்ஐடி உள்ள சிஸ்டங்கள் இப்போது ஒன்றையொன்று நம்ப மறுக்கின்றன. ஷேர்டு ஃபோல்டர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் போகாது. பதினாறு வருடம் செல்லுபடியான பதில் செல்லாமல் போய்விட்டது.

இமேஜ் 38 ஜிபி.

19-12-2025, வெள்ளி

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்பினால் 38 ஜிபி அறுபது தடவை. சர்வரின் ஒரு ஜிகாபிட் போர்ட்டில் விநாடிக்கு 110 எம்பி என்று வைத்தாலும் ஆறு மணி நேரம் ஆகும். மல்டிகாஸ்டில் ஒரு தடவை அனுப்பினால் போதும், எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்வார்கள். ஆறு நிமிட வேலை.

முன்வரிசைப் பத்தை மட்டும் வைத்துப் பார்த்தோம். அருமையாகப் பறந்தது. நாலரை நிமிடம் இருக்கும், பத்தும் ஒன்றாக நின்றன. மறுபடி போட்டால் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி நின்றன. இமேஜ் கெட்டுவிட்டது என்று தம்பி முகம் வாடினான். நிற்கிற இடம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தது, நேரம் மட்டும் மாறவில்லை. அப்படியானால் இமேஜில் குறை இல்லை.

ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இருக்கிறது. மல்டிகாஸ்டை யார் கேட்டார்களோ அவர்களுக்கு மட்டும் விடும். இன்னும் வேண்டுமா என்று அவ்வப்போது கேட்க ஒரு குவெரியர் வேண்டும். எங்கள் விலானில் அப்படி யாரும் இல்லை. கேள்வியே வராததால் சிஸ்டங்கள் பதில் சொல்லவில்லை. 260 விநாடி ஆனதும் யாருக்கும் தேவையில்லை போலிருக்கிறது என்று ஸ்விட்ச் நிறுத்திவிட்டது. வழக்கமான கணக்கு: 125இன் இரு மடங்கு, கூட 10. அண்ணன் விலானில் குவெரியரை ஆன் செய்தார். பத்தும் முடிந்தன.

20-12-2025, சனி

மீதி ஐம்பதும் ஒரே தடவையில். எல்லாம் சேர்ந்தன, தொடங்கின, நகரவே இல்லை. விநாடிக்கு 11 எம்பி. ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று காட்டியது.

பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தில் கால் வலிக்காரர் ஒருவர் இருந்தால் எல்லோரும் அவர் நடைக்குத்தான் நடக்க வேண்டும். மல்டிகாஸ்ட் அப்படித்தான். இங்கே கால் வலி யாருக்கு?

11 என்ற எண்ணே துப்பு. அது 100 மெகாபிட் லிங்கின் வேகம். ஸ்விட்சில் போர்ட் பட்டியலை எடுத்தால் எல்லாம் 1000, ஒன்று மட்டும் 100. கடைசி வரிசை, ஜன்னலோரம். பேட்ச் கார்டை மாற்றினேன், மாறவில்லை. சுவர் பெட்டியைக் கழற்றினால் பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாகப் பஞ்ச் ஆகாமல் வெளியே நிற்கிறது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நூறுக்கு இரண்டு போதும். அதனால் அங்கே உட்கார்ந்த யாருக்கும் இத்தனை வருடமாக இன்டர்நெட் போகவில்லை என்று தோன்றியிருக்காது. கேபிள் இழுத்த கான்ட்ராக்டர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எல்லா போர்ட்டுக்கும் டிக் போட்டிருக்கிறார். பைலில் பார்த்தேன்.

மறுபடி பஞ்ச் செய்து தொடங்கினோம். தம்பி டீ வாங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

22-12-2025, திங்கள்

பெயர் வைப்பதும் டொமைனில் சேர்ப்பதும் ஃபாக் கிளையன்ட் தானே பார்த்துக்கொண்டது. ஆக்டிவேஷனுக்கான கேஎம்எஸ், குறைந்தது 25 விண்டோஸ் கிளையன்டைக் கண்டால்தான் அசையும். சிஸ்பிரெப் இல்லாத இமேஜாக இருந்தால் அறுபதும் ஒரே அடையாளத்தோடு போய் நின்று ஒன்றாகத்தான் எண்ணப்பட்டிருக்கும். பதினோரு மணிக்குப் பார்த்தேன்: எண்ணிக்கை 50. அதற்கு மேல் அது காட்டாது.

தம்பி செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்துகொண்டு வருகிறான், மூன்றாம் வரிசையில் இருக்கிறான். மதியம் சிவில் துறையிலிருந்து ஒரு மேடம் வந்து, தங்கள் லேபுக்கும் இதே மாதிரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அவர்களிடம் இருப்பது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஆகாது, உபுண்டு இமேஜ் வேண்டுமானால் தருகிறேன் என்றேன். ஆட்டோகேட் ஓடுமா என்றார். ஓடாது. எச்.ஓ.டி.யிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.