கடைசிச் சீட்டு

2025 மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலில் ஆராதனை. நாங்கள் போகவில்லை, என் மனைவிக்கு டயாலிசிஸ் நாள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். காப்பீட்டு அட்டை இருப்பதால் பணத்துக்குப் பெரிய கஷ்டமில்லை. பொழுதுதான் நகர மாட்டேன் என்கிறது. பையில் ஒரு பழைய டைரி கிடந்தது. ஊரார் சொத்துக்கெல்லாம் பத்திரம் எழுதியே தேய்ந்த கை. இனி கொஞ்சம் சொந்தக் கதை எழுதட்டும்.

மார்ச் 8

இடது கையில் டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த இடத்தைத் தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் நர்ஸ். உள்ளங்கையை வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரிய வேண்டும். நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எழுந்ததும் இவள் கையைப் பிடித்ததாக ஞாபகமில்லை. இப்போது காலை ஜெபத்துக்கு முன்னால் அதுதான்.

மார்ச் 16

ஜெபக்குழுக்காரர்கள் வந்தார்கள். உபவாசம் இருந்து சுகமானவர்களின் சாட்சிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். "சந்தோஷமா இருங்கக்கா. முகம் வாடுனா விசுவாசம் குறையுதுன்னு அர்த்தம்" என்றார் ஒருவர். கையில் முதலூர் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப் பாலும் முந்திரியும் இவளுக்கு ஆகாது. முதலூர் இவள் பிறந்த ஊர் வேறு. வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. சந்தோஷம்தான் விசுவாசத்துக்கு அளவு என்றால் சங்கீதப் புத்தகத்தில் பல பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டும். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் வேதத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 17

தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டர். ரசமும் அந்தக் கணக்கில்தான்.

மார்ச் 24

வீட்டில் சண்டை.

அடுத்த தெரு டீச்சர் ஏலச் சீட்டு தொடங்கியிருக்கிறார். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. இவள் சேர்ந்து முதல் தவணையும் கட்டியாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"இருபது மாசமா?" என்றேன்.

நான் விழுங்கியது அவளுக்குக் கேட்டுவிட்டது. "நான் இல்லன்னா நீங்க கட்டுங்க. சீட்டு நடுவுல நிக்கக் கூடாது."

அடுத்த மாதமே ஏலம் கேட்டு எடுத்துவிடு, விட்டுக்கொடுக்கும் தள்ளு போனால் போகட்டும், ஆஸ்பத்திரிச் செலவுக்காவது ஆகும் என்றேன்.

"கடைசிச் சீட்டுதான் எடுப்பேன். அதுல தள்ளு கிடையாது."

பணம் எதற்கு? பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காம். பேத்தி வருகிற ஜூனில்தான் பதினொன்றாம் வகுப்புக்கே போகிறாள். ராத்திரி நான் பேசவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

மார்ச் 30

எங்கள் தொழில்காரருக்கென்று வேதத்தில் ஓர் அதிகாரம் உண்டென்றால் அது எரேமியா 32. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவல்முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரம் பார்த்து வருகிறான் பெரியப்பா மகன் அனாமெயேல், ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்று. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை; வில்லங்கம் கூடாரமடித்துக் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

இத்தனை காலம் இதைத் தொழில் வேடிக்கையாகத்தான் படித்திருக்கிறேன். இன்று கண்ணில் பட்டது அதற்கு அடுத்த பகுதி. எல்லாம் முடித்துக் கொடுத்த பிறகுதான் எரேமியா ஆண்டவரிடம் முறையிடுகிறார்: ஊரே எதிரி கைக்குப் போகிறது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று. முதலில் கிரயம், அப்புறம் கலக்கம். எந்தப் பதிவு அலுவலகத்திலும் நான் பார்க்காத வரிசை. நிலம் வாங்கியதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாக எங்கேயும் இல்லை.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க முதலூரும் அப்படி வாங்குன இடந்தான?" என்றாள். வாஸ்தவம். துன்பப்படுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒதுங்குவதற்கென்று 1799இல், டேவிட் சுந்தரானந்தம் காலத்தில், சாத்தான்குளம் பக்கம் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர்.

ஏப்ரல் 2

பாதியில் பிபி இறங்கிக் கண் சொருகிவிட்டது. கால் பக்கம் கட்டிலை உயர்த்திச் சலைன் ஏற்றினார்கள். எனக்கு ஜெபம் வரவில்லை.

ஏப்ரல் 9

சாயங்காலம் எங்கள் சபை ஐயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தார். "ஐயரே, இந்த ரசமும் ஒரு லிட்டர் கணக்குல வருமா?" என்று இவள் கேட்க, அவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜெபத்தைக் கொஞ்சம் தாமதித்துத்தான் தொடங்கினார்.

பேச்சு எரேமியாவுக்கு வந்தது. டீட்ரிச் போன்ஹோஃபரை ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டு இன்றோடு 80 வருஷம் என்றார். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர். 1943 ஜனவரியில் மரியா என்ற பெண்ணோடு நிச்சயமானது, ஏப்ரலில் கைதாகிவிட்டார். பெர்லின் டேகல் சிறையிலிருந்து அவளுக்கு எழுதிய கடிதமொன்றில், நடக்கப்போகும் கல்யாணத்துக்கு அவர் எடுத்துக்காட்டியதும், இந்தத் தேசத்தில் திரும்ப வாங்கப்படும் என்று எரேமியா சொன்ன வீடுவாசல், நிலம்தானாம். கல்யாணம் நடக்கவில்லை. அவரைக் கொன்ற அதே மாதம் 23ஆம் தேதி அமெரிக்கப் படை முகாமுக்குள் நுழைந்தது. இரண்டே வாரம். இதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் இவள், "அந்தப் பிள்ளை பிறகு என்ன ஆச்சு?" என்றாள்.

அமெரிக்கா போய்க் கணக்குப் படித்து, கம்ப்யூட்டர் வேலை பார்த்தாளாம். கடிதங்களைத் தொலைக்காமல் காப்பாற்றினாளாம். அவள் இறந்த பிறகு 1992இல் புத்தகமாக வந்தது.

"நல்லது" என்றாள் இவள், தெரிந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததுபோல.

ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. பேத்தி ஓலையில் சிலுவை மடித்துக் கொடுத்தாள். பவனியில் இவள் பாதித் தூரம் நடந்தாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனைக்கு ஆட்டோவில் போனோம். மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகள், கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுவதோடு நின்றுவிடுகின்றன என்று ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். சிலருக்கு அது பிடிக்கவில்லை, வாசலிலேயே முணுமுணுத்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்களை யாரும் முகம் வாடியிருக்கிறது என்று கண்டிக்கவில்லை.

இவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இன்னும் பத்தொன்பது தவணை இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். எழுந்து, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 24

காலையில் கையில் அதிர்வு குறைவாக இருந்தது. ஸ்கேன் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். நாளைக்குப் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மகளைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சாயங்காலம் சீட்டுக்கு நான் போனேன். 22,000 தள்ளுக்கு ஒருவர் எடுத்தார். கமிஷன் 5,000 போக, தலைக்கு 850 கழிந்தது. 4,150 கட்டி, அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். ஏலம் கேட்கவில்லையா என்றார் டீச்சர். கடைசிச் சீட்டு எங்களுக்கு என்றேன். அது 2026 அக்டோபரில் வருகிறது.